பழைய பித்தளைக் கருவி

ஓசூர், கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களில் தொழிற்சாலைகளை அடுத்துள்ள காயலான் கடைகளிலே பித்தளை நிறைக்கு விலைபோகிறது. கடைசற் சுருள்களுக்கும் உடைந்த குழாய்களுக்கும் நடுவே, வட்டத் தட்டும் திருகாணிகளும் உடைய பழைய கருவியொன்று, அடிபட்டு நசுங்கிய நிலையில், எப்பொழுதேனும் அகப்படுதல் கூடும். அஃது உலைக்குச் செல்லுமுன் இன்னதென அறியப்படவேண்டும். உருகிய பின் அறிய வழியில்லை.

முதலில் அதன் உறுப்புகளைக் காணவேண்டும். சிறு தொலைநோக்கியும் நீர்மட்டக் குழலும் மட்டும் இருப்பின், அது நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் மட்டக்கருவி. கண்ணாடிகளும் வட்டத்தின் ஆறிலொரு பங்கான வில்லும் இருப்பின், கடலோடிகள் கொண்ட செக்ஸ்டன்ட். தொலைநோக்கி பக்கவாட்டிலும் மேலும் கீழும் திரும்ப, அத்திருப்பங்களை அளக்கப் பாகை குறித்த இரு வட்டங்கள் அமைந்திருக்குமாயின், அது நில அளவையாளரின் தியோடலைட்டு.

இலண்டன் கைவினைஞரின் பெயர் பொறித்திருப்பதைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடலாகாது. அழகுக்காக இக்காலத்தில் வார்க்கப்படும் போலிகளிலும் அப்பெயர்கள் உண்டு. பெயரைப் பொறிப்பது எளிது. பாகைகளைப் பிரிப்பதே அரிது. நல்ல பழங்கருவிகள் பலவற்றில் பித்தளை வட்டத்தின்மேல் மெல்லிய வெள்ளித் தகடு பதித்து, மயிரிழை போன்ற கோடுகளை அதில் கீறியிருப்பர். வட்டத்தை ஒட்டி வெர்னியர் என்னும் சிற்றளவுகோலும் இருக்கும். வட்டம் அரைப் பாகைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பின், அதன் 29 பிரிவுகளின் நீளம் வெர்னியரில் 30 பிரிவுகளாக அமையும். அதனால் பாகையின் அறுபதிலொரு பங்கையும் படிக்க இயலும். வெர்னியரின் முதற்கோட்டை வட்டத்தின் ஒரு கோட்டோடு பொருத்தினால், கடைசிக் கோடும் பொருந்தவேண்டும். இடையிலுள்ள எதுவும் பொருந்தலாகாது. போலி பெரும்பாலும் இத்தேர்விலேயே அகப்பட்டுக்கொள்ளும்.

இனி, சேதத்தை அறிதல் வேண்டும். குழாயிலுள்ள நசுங்கல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது பெருங்கேடன்று. வட்டத்தின் நெளிவே கேடு. அதுவோ கண்ணுக்கு எளிதில் தோன்றாது. எதிரெதிரே இரண்டு வெர்னியர்கள் உள்ள கருவியில் அதனை அறியலாம். எப்புறம் திருப்பினும் இரண்டின் அளவுகளும் 180 பாகை வேறுபடவேண்டும். அவ்வேறுபாடு இடத்துக்கு இடம் மாறினால், வட்டம் நெளிந்துள்ளது, அல்லது அதன் மையம் விலகியுள்ளது.

இக்கேடு நம் நாட்டின் பெருங்கருவி ஒன்றுக்கே நேர்ந்தது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே 78ஆம் தீர்க்கரேகை செல்கிறது. அதனை ஒட்டியே வில்லியம் இலாம்டன் பெங்களூர்ப் பகுதியிலிருந்து குமரிமுனை வரை முக்கோணங்களால் நிலத்தை அளந்தார். 36 அங்குல வட்டமும் ஏறத்தாழ அரை டன் நிறையும் கொண்ட அவருடைய தியோடலைட்டு இலண்டனில் கேரி என்பவர் செய்தது. இந்தியாவுக்கு வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்று, பின்னர்ப் பெருந்தன்மையுடன் அனுப்பிவைத்தனர்!

1808ஆம் ஆண்டில் தஞ்சைக் கோயிலின் உச்சிக்கு அதனை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, வட்டம் உருக்குலைந்தது. பார்த்தவர் அதனைப் பழம்பித்தளை என்றே ஒதுக்கியிருப்பர். இலாம்டன் அதனைக் கூடாரத்துக்குள் கொண்டுசென்று, தேர்ந்த கைவினைஞரை மட்டும் உடன்வைத்துக்கொண்டு, பகுதி பகுதியாகக் கழற்றினார். ஒரு பெரும் பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து, நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அக்கோட்டோடு எங்கும் பொருந்தச் செய்தார். வளைந்த ஆரக்கால்களையும் நிமிர்த்தினார். இப்பணிக்கு ஆறு வாரங்கள் ஆயின. 1823ஆம் ஆண்டில் அவர் இறந்தபின், அவர் இடத்துக்கு வந்த எவரெஸ்டும் அக்கருவியைக் கொண்டே வடக்கு நோக்கி அளந்து சென்றார்.