எங்கே விழுகிறது துண்டு?

மாதம் முடிந்ததும் குனுகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் பட்ஜெட் அறிக்கையை எடுத்தால், ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் எதிரே மூன்று எண்கள் வரும்: ஒதுக்கியது, செலவானது, வித்தியாசம். போன ஜூலையில் மின் கட்டணத்துக்கு எதிரே மூன்றாவது எண் சிவப்பாக இருந்தது. 1,300 ரூபாய் அதிகம். அன்றிலிருந்து வீட்டில் விளக்கு, விசிறி, டிவி என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே திரிந்தேன். ஆகஸ்டில் அதே வரியில் 1,400 ரூபாய் மிச்சம் என்று வந்தது. சிக்கனம் பலித்துவிட்டதென்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். "ஆகஸ்ட்ல பில்லே வரலையே, அப்புறம் எங்கேருந்து மிச்சம்?" என்றாள்.

தமிழ்நாட்டில் மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நானோ மாதத்துக்கு 1,400 என்று ஒதுக்கியிருந்தேன். ஜூலையில் கட்டிய 2,700 இரண்டு மாதத்துக்கான தொகை. ஆக, இரண்டு மாதமும் சேர்த்து மிச்சம் நூறே நூறு ரூபாய். ஜூலையின் பதற்றமும் ஆகஸ்டின் பெருமையும் இரண்டுமே வீண். மென்பொருள் பொய் சொல்லவில்லை. அதற்குக் கழிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஏன் துண்டு விழுந்தது என்பது அதற்குத் தெரியாது.

அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பின்னால் கணக்கியலும் இருக்கிறது, உளவியலும் இருக்கிறது. முதலில் கணக்கியல்.

எது செலவு என்பதே நாம் நினைக்கும் அளவுக்கு எளிதல்ல. கடன் அட்டையில் 3,000 ரூபாய்க்குத் துணி எடுக்கிறீர்கள். அடுத்த மாதம் வங்கியிலிருந்து அட்டைக்கு 3,000 கட்டுகிறீர்கள். கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்துக் கணக்கெழுதும் செயலி கவனமாக வடிவமைக்கப்படாவிட்டால், இரண்டையும் கூட்டி 6,000 செலவென்று காட்டிவிடும். ஏடிஎம்மில் எடுக்கும் பணமும் இப்படித்தான். வங்கியில் இருந்த 5,000 சட்டைப்பைக்கு வந்திருக்கிறது, இன்னும் செலவாகவில்லை. குனுகேஷ் இந்த வலையில் விழாததற்குக் காரணம் அது இரட்டைப் பதிவு முறையில் இயங்குவது. 1494இல் வெனிஸில் லூகா பாச்சோலி அச்சில் விளக்கி எழுதிய அதே முறை. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எங்கிருந்து போனது, எங்கே வந்தது என்று இரண்டு முனை. துணி எடுத்த அன்று செலவுக் கணக்கும் ஏறும், அட்டைக் கடனும் ஏறும். கட்டும் நாளில் கடனும் வங்கி இருப்பும் குறையும். செலவுக் கணக்கை யாரும் தொட மாட்டார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு சுவாரசியமான சிக்கல் உண்டு: மொய். பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதத்து மொய் விருந்தில் எழுதும் தொகை நோட்டில் பதிவாகி, பின்னொரு நாள் நம் விருந்துக்குத் திரும்பி வரவேண்டிய பணம். அதைச் செலவில் எழுதுவதா, வரவேண்டிய கடனில் எழுதுவதா? இரட்டைப் பதிவின்படி அது கடன்தான் என்பேன். சென்னையில் அலுவலக நண்பர் கல்யாணத்தில் உறையில் போட்டுக் கொடுப்பது செலவு. பாச்சோலியிடமே கேட்டிருந்தாலும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார்.

அடுத்தது தலைப்பு. யுபிஐ வந்தபிறகு யாருக்குப் பணம் போனது என்பது பதிவில் நிற்கிறது, எதற்குப் போனது என்பது நிற்பதில்லை. மளிகைக்கடைக்கு 1,850 ரூபாய் போயிருந்தால் அதில் பருப்பும் இருக்கும், ஷாம்பூவும் இருக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கிய சாக்லேட்டும் இருக்கும். முழுத்தொகையும் மளிகை என்ற தலைப்பில் ஏறினால் மளிகையில் துண்டு விழும், பரிசுப்பொருளில் மிச்சம் நிற்கும். ஒரே பில்லைப் பல தலைப்புகளுக்குப் பிரித்தெழுதும் வசதி குனுகேஷில் இருக்கிறது. பொறுமைதான் வேண்டும். சில்லறை வித்தியாசங்களை நான் பிரிப்பதில்லை.

இந்த மென்பொருள்களிடம் எனக்குள்ள உண்மையான குறை வேறு. அவற்றுக்குத் தொகை தெரியும், அளவு தெரியாது. மாதம் நான்கு லிட்டர் எண்ணெய், லிட்டர் 150 ரூபாய் என்று 600 ஒதுக்குகிறோம். செலவானது 800. அறிக்கை 200 அதிகம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். தொழிற்சாலைகளில் அடக்கவிலைக் கணக்குப் போடுகிறவர்கள் இதை இரண்டாகப் பிளப்பார்கள். விலை 160 ஆகி, வாங்கியது ஐந்து லிட்டர் என்று வையுங்கள். கூடுதலாக வாங்கிய ஒரு லிட்டருக்குப் பழைய விலையில் 150. ஐந்து லிட்டருக்கும் பத்துப் பத்து ரூபாயாக ஏறிய விலை 50. முதலாவது நம் அடுப்படியில் நடந்தது, இரண்டாவது சந்தையில் நடந்தது. விலை ஏறியதற்கு வடையைக் குறைத்துப் பயனில்லை, அடுத்த மாத ஒதுக்கீட்டைத்தான் ஏற்றவேண்டும். இந்தப் பிளவைக் காட்டும் வீட்டுக்கணக்கு மென்பொருள் எதையும் நான் பயன்படுத்தியதில்லை. ஒரு தாளில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

இனி உளவியல். கணக்கைச் சுத்தமாக எழுதியும் மாதாமாதம் துண்டு விழுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் இரண்டாவது எண்ணில் இல்லை, முதல் எண்ணில் இருக்கிறது. அதாவது செலவில் அல்ல, ஒதுக்கீட்டில். ஜொஹான்னா பீட்ஸ், ரோஜர் பியூலர் என்ற இரு உளவியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் செலவிடப் போவதை மக்கள் குறைத்தே கணிக்கிறார்கள் என்றார்கள். சேமிக்க வேண்டும் என்ற ஆசையே கணிப்புக்குள் நுழைந்துவிடுகிறதாம். நாம் எழுதுவது எவ்வளவு ஆகும் என்பதை அல்ல, எவ்வளவு ஆனால் தேவலை என்பதை.

2012இல் அபிகெயில் சஸ்மனும் ஆடம் ஆல்ட்டரும் இன்னும் கூர்மையாக ஒன்றைக் கண்டார்கள். பால், அரிசி, பேருந்து போன்ற வழக்கமான செலவுகளை மக்கள் ஓரளவு சரியாகவே மதிப்பிடுகிறார்கள். சறுக்குவது எப்போதாவது வரும் செலவுகளில். காதுகுத்து, பல் வைத்தியம், வண்டியின் டயர், ஊரிலிருந்து வந்த விருந்தாளி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக "இது இந்த ஒரு தடவைதானே" என்று பார்ப்பதால் அதற்குத் தாராளமாகவும் செலவழிக்கிறோம், அடுத்த பட்ஜெட்டில் அதை மறந்தும் போகிறோம். காதுகுத்து அடுத்த மாதம் வராது, உண்மைதான். ஆனால் கிரகப்பிரவேசம் வரும். தனித்தனியே அபூர்வமானவை சேர்ந்து வரும்போது மாதாந்திரச் செலவாகிவிடுகின்றன.

எவ்வளவு காலத்துக்குத் திட்டம் போடுகிறோம் என்பதும் முக்கியம். குல்டன் உல்குமென் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாத பட்ஜெட்டை விட ஆண்டு பட்ஜெட் உண்மைச் செலவுக்கு நெருக்கமாக வந்தது. ஆண்டுக்குக் கணிப்பது கடினம் என்று மனம் தயங்குகிறது, தயங்கியபடி கொஞ்சம் கூட்டிப் போடுகிறது. மாதம்தானே என்ற தைரியம்தான் நம்மைக் கவிழ்க்கிறது.

ஆகவே ஆண்டுக்குப் போட்டு, பன்னிரண்டாக வகுத்து, மீந்ததை அடுத்த மாதத்துக்கு நகர்த்துவது நல்லது. ஜெஸ்ஸி மெக்கம் 2004இல் ஒரு விரிதாளாகத் தொடங்கிய வொய்னாப் மென்பொருள் செய்வது ஏறக்குறைய இதைத்தான். ஒவ்வொரு தலைப்பும் ஓர் உறை. உறையில் மீந்தது அங்கேயே இருக்கும். மின் கட்டண உறையில் ஒரு மாதம் 1,400 சேரும், மறுமாதம் பில் வந்து இரண்டு மாத ஒதுக்கீட்டையும் எடுத்துக்கொள்ளும். குனுகேஷில் உறை இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதத்துக்கும் வெவ்வேறு தொகை எழுதலாம். பழைய பதிவுகளிலிருந்து ஒதுக்கீட்டை மதிப்பிட்டுத் தரவும் அதனால் முடியும். நான் இப்போது அந்த மதிப்பீட்டில்தான் தொடங்குகிறேன், என் ஆசையில் தொடங்குவதில்லை.

2022இல் சக் ஹோவர்ட், சஸ்மன் உள்ளிட்டோர் இதற்கு ஓர் எளிய மருந்தையும் சோதித்தார்கள். செலவைக் கணிக்கும் முன், அது வழக்கத்திலிருந்து ஏன் மாறக்கூடும் என்று சில காரணங்களை யோசிக்கச் சொன்னார்கள். அவ்வளவே. கணிப்பு உயர்ந்து உண்மைக்கு அருகில் வந்தது.

இந்த மாதத்துக்கு நான் எழுதிய மூன்று காரணங்கள்: மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம், ஸ்கூட்டர் காப்பீடு, அம்மாவின் கண்ணாடி. மூன்றுக்கும் சேர்த்து 9,500 ரூபாய் ஒதுக்கியாகிவிட்டது. மின் கட்டணமும் இந்த மாதம்தான், 2,800 என்று போட்டிருக்கிறேன்.