முட்டி புதுசு... தொடைத்தசை? மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு மலை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை!

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணை வழியாக மலையேறினால் வரும் ஊர் கரியாலூர். கல்வராயன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் படகு சவாரிக்கும் பூங்காவுக்கும் இங்கே வண்டியை நிறுத்துவார்கள். ஊர்க்காரர்களுக்கோ வாசலைத் தாண்டினால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். காட்டு வேலை, விறகு, தண்ணீர் என்று காலம் முழுக்க ஏறி இறங்கியவர்களின் முட்டி அறுபது வயதில் தேய்ந்துபோனால் என்ன செய்வது?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இன்று பணக்காரர்களுக்கு மட்டுமானதல்ல. பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000-ல் ஒரு முட்டிக்கும் 2001-ல் இன்னொரு முட்டிக்கும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டபோது அது தலைப்புச் செய்தி. 2017 ஆகஸ்ட்டில் செயற்கை மூட்டுகளுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. ஆக, ஆபரேஷன் கைக்கு எட்டிவிட்டது. அதற்குப் பிறகான மூன்று மாதங்கள்தான் பல வீடுகளில் கோட்டை விடப்படுகின்றன.

வலி போச்சு, பலம் எங்கே?

தேய்ந்த எலும்பு முனைகளை எடுத்துவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். மூட்டு புதுசு. ஆனால் அதை இயக்க வேண்டிய முன்தொடைத் தசை பழசு. வலிக்குப் பயந்து வருஷக்கணக்கில் அந்தக் காலில் பாரம் போடாமல் இருந்ததால் அது ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஆபரேஷன் அதை இன்னும் பலவீனமாக்கும். 2005-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் அளவீட்டில், ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து முன்தொடைத் தசையின் பலம் முன்பு இருந்ததைவிட 62 சதவிகிதம் குறைந்திருந்தது!

மூட்டு வீங்கியிருக்கும்போது, 'இந்தக் காலை அதிகம் வேலை வாங்காதே' என்பதுபோல நரம்பு மண்டலமே தசையை அடக்கி வைக்கிறது. அதனால்தான் சிலரால் எவ்வளவு முயன்றும் காலை நேராகத் தூக்க முடிவதில்லை. அது சோம்பேறித்தனம் அல்ல. வீட்டில் இருப்பவர்கள் திட்டாமல் இருந்தாலே பாதி உதவி.

தள்ளாட்டத்துக்கும் காரணம் உண்டு. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் முட்டியின் தசைநார்களிலும் இருக்கின்றன. பெரும்பாலான ஆபரேஷன்களில் முன்பக்கச் சிலுவைத் தசைநாரை எடுத்துவிடுகிறார்கள். எனவே உடம்பு சமநிலையைப் புதிதாகப் பழக வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்து!

மேடு ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைப்போம். புதிய முட்டிக்கு உண்மையான சோதனை இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். பலம் இல்லாவிட்டால் முட்டி சட்டென மடங்கிவிடும். கரியாலூர் மாதிரி ஊரில், மழை பெய்த மண் பாதையில் இது நடந்தால்? புது மூட்டைச் சுற்றிய எலும்பு உடைந்தால் சிகிச்சை முதல் ஆபரேஷனைவிடச் சிக்கலானது.

எனவே படியோ மேடோ, ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது ஆபரேஷன் செய்த காலை முதலில் இறக்குங்கள். கைத்தடியை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள், பாரம் குறைவதே இல்லை. சமதளத்தில் நொண்டாமல் நடக்கும் வரை சரிவுப் பாதையில் தனியாக இறங்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் பயிற்சிப் படங்கள் இருக்கும். அவற்றை வரைந்தவர்கள் மெத்தைக் கட்டிலையும் கைப்பிடி வைத்த மாடிப்படியையும் மனதில் வைத்து வரைந்திருப்பார்கள்போல. நம் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். தொய்ந்த கயிற்றுக் கட்டில் வேண்டாம், பெஞ்சோ உயரமான திண்ணையோ போதும். சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். குதிகாலைத் தேய்த்தபடி முட்டியை மடக்கி நீட்டுங்கள். பிறகு, காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்குங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, தினம் இரண்டு மூன்று வேளை. சில வாரங்கள் கழித்து, பிசியோதெரபிஸ்ட் சம்மதித்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது, ஒற்றைக் காலில் நிற்பது. பயிற்சி முடிந்தபின் துண்டை எடுத்துவிடுங்கள். சுகமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினால் கால் முழுதாக நீளாமலே போய்விடும்.

தரையில் சம்மணமிடுவதும் குந்துவதும் எப்போது, எவ்வளவு என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள். ஒவ்வொரு மூட்டும் மடங்கும் அளவு வேறு.

தசை வளரப் புரதம் வேண்டும். மரவள்ளிக்கிழங்கு வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. சாமைச் சோறோடு கொள்ளு, மொச்சை, முட்டை, நிலக்கடலை என்று ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

வாரா வாரம் மலையிறங்கி பிசியோதெரபிக்குப் போவது எல்லோராலும் முடியாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலும், காய்ச்சலோடு தையலில் சீழ் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108-க்கு போன் செய்யுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சின்னச் சோதனை. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 65 முதல் 69 வயதுக்குள் ஆண்கள் 12-க்கும் பெண்கள் 11-க்கும் கீழே எடுத்தால் கால் பலம் போதவில்லை, விழும் வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். எண்ணிக்கையை வீட்டுக் காலண்டரில் குறித்துவைத்து, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சொல்லுங்கள்.