எண்ணெய் படிந்த கடைசிச் சுற்று

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், செனெகா ஏரியின் தென்முனையில் அமைந்த வாட்கின்ஸ் கிளென் என்னும் சிற்றூரின் மேட்டுநிலத்தில் ஒரு கார்ப் பந்தயம் நடந்தது. 90 சுற்றுகளில் 89 முடிந்து, கடைசிச் சுற்றுக்குரிய வெள்ளைக் கொடி அசைக்கப்பட்டபோது முன்னிலையில் இருந்தவர் கைல் புஷ். அடுத்து பிராட் கெசெலோவ்ஸ்கி, அவருக்குப் பின்னால் மார்கோஸ் அம்ப்ரோஸ். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரமே மீதம். அந்தச் சிறிய தூரத்தில் நிகழ்ந்தவற்றை அமெரிக்கப் பந்தய ரசிகர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

‘ஸ்டாக் கார்’ என்ற பெயர், கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்டிப் போட்டியிட்ட காலத்திலிருந்து வந்தது. இன்று பெயரும் வெளித்தோற்றமும் மட்டுமே எஞ்சியுள்ளன. உள்ளே இருப்பது 1,500 கிலோவுக்கு மேல் எடைகொண்ட, பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட இயந்திரம். நாஸ்கார் அமைப்பு நடத்தும் இப்பந்தயங்களில் பெரும்பாலானவை நீள்வட்டத் தடங்களில், இடப்பக்கம் மட்டுமே திரும்பி ஓடுபவை. 2012இல் உயர்நிலைப் பிரிவின் 36 பந்தயங்களில் இரண்டே இரண்டுதான் வலமும் இடமும் வளைந்து, ஏறி இறங்கும் சாலைவகைத் தடங்களில் நடந்தன. ஒன்று கலிபோர்னியாவின் சோனோமா. மற்றொன்று இந்த கிளென். நேர்ச்சாலையில் யானைபோல் பாயும் அந்தக் கார், குறுகிய வளைவில் பிரேக்கை மிதித்ததும் அந்த எடை முழுவதையும் ஓட்டுநரின் கையில் போட்டுவிடும்.

(நம்மவர் ஒருவரும் இந்த உலகில் ஓட்டியிருக்கிறார். கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன், 2010இல் நாஸ்காரின் டிரக் பிரிவில் சில பந்தயங்களில் கலந்துகொண்டு, அப்பிரிவின் அவ்வாண்டுக்கான ரசிகர்களின் விருப்ப ஓட்டுநர் விருதையும் பெற்றார்.)

கிளென்னுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1948இல் கேமரூன் ஆர்கெட்சிங்கர் என்ற சட்ட மாணவர், ஊரின் தெருக்களையே தடமாக்கிப் பந்தயம் நடத்த வழிசெய்தார். 1952இல் வேடிக்கை பார்த்த சிறுவன் ஒருவன் உயிரிழந்ததைத் தொடர்ந்து பந்தயம் ஊருக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டது. 1956இல் நிரந்தரத் தடம் அமைந்தது. 1961 முதல் 1980 வரை ஃபார்முலா ஒன் அமெரிக்கப் போட்டி இங்கேதான் நடந்தது. புகழ் இருந்தது, கணக்குதான் சேரவில்லை. அணிகளுக்குத் தரவேண்டிய பணம் பாக்கி நிற்க, 1981இல் நிறுவனம் திவாலானது. அருகிலுள்ள கார்னிங் நகரின் கண்ணாடி நிறுவனத்தின் துணை அமைப்பு முன்வந்து இடத்தை மீட்டிராவிட்டால், அங்கே இன்று புல்தான் வளர்ந்திருக்கும். 1986இல் நாஸ்கார் திரும்பி வந்தது.

இனி அந்த மூவர். ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவைச் சேர்ந்த அம்ப்ரோஸ், தம் நாட்டின் வி8 சூப்பர்கார்ஸ் போட்டியில் 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றபின் அமெரிக்கா வந்தவர். வளைவுகள் நிறைந்த தடமே அவருடைய சொந்த நிலம். ஆயினும் 2010இல் சோனோமாவில் அவருக்கு நேர்ந்தது கொடுமை. சில சுற்றுகளே எஞ்சியிருக்க, முன்னிலையில் இருந்தவர், மஞ்சள் கொடியின்போது எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்தார். மேட்டில் கார் நின்றுபோனது. மீண்டும் கிளம்புவதற்குள் மற்றவர்கள் கடந்துவிட, ஏழாம் இடத்திலிருந்து தொடரச் சொன்னார்கள். வெற்றி ஜிம்மி ஜான்சனுக்குப் போனது. அம்ப்ரோஸின் முதல் வெற்றி 2011 ஆகஸ்டில் கிளென்னில்தான் வந்தது. அன்று இரண்டாமிடம் கெசெலோவ்ஸ்கி, மூன்றாமிடம் கைல் புஷ்! ஓராண்டு கழித்து அதே மூவர், அதே தடத்தில், வேறு வரிசையில் நின்றார்கள்.

2012 பந்தயத்தின் இறுதிப் பகுதியில் பாபி லபான்ட்டியின் காரிலிருந்து எண்ணெய் கசிந்து தடத்தில் படிந்திருந்தது. மஞ்சள் கொடி காட்டப்படவில்லை. எண்ணெய் குறித்து உறுதியான தகவல் வரவில்லை என்பதே அதிகாரிகள் தரப்பின் பிற்கால விளக்கம். கைல் புஷ் முன்னால் இருந்ததால் வழுக்கலை முதலில் சந்தித்தவரும் அவரே. முதல் திருப்பத்தில் அவருடைய கார் அகன்று விலக, உள்பக்கம் நுழைந்த கெசெலோவ்ஸ்கியின் கார் உரசியது. புஷ் சுழன்று நின்றார். கெசெலோவ்ஸ்கி செய்தது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. கிடைத்த இடைவெளிக்குள் நுழையாதவர் பந்தய ஓட்டுநரே அல்லர்.

அதன்பின் இருவர் மட்டுமே. வழுக்கும் தடத்தில் இருவரும் மாறிமாறி ஓரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினார்கள். ஒருவர் பிழை செய்தால் மற்றவர் நெருங்குவார், நெருங்கியவர் அடுத்த வளைவில் தாமே வழுக்குவார். கார்கள் உரசின, இடித்தன. ஆனால் எவரும் எதிரியைச் சுவருக்குள் தள்ளவில்லை. இறுதித் திருப்பங்களில் அம்ப்ரோஸ் முந்தி, அரை நொடிக்குச் சற்றே கூடுதலான வித்தியாசத்தில் கட்டம்போட்ட கொடியைக் கடந்தார். தோற்ற கெசெலோவ்ஸ்கியின் முகத்திலும் சிரிப்பு இருந்தது. கைல் புஷ் ஏழாவதாக வந்து, செய்தியாளர்களிடம் பேசாமலே வெளியேறினார்.

அவருடைய கோபத்தின் முழு விலை செப்டம்பரில்தான் தெரிந்தது. பட்டத்துக்கான கடைசிப் பத்துப் பந்தயங்களில் 12 பேருக்கே இடம்; புள்ளிப் பட்டியலில் முதல் பத்துப் பேர் போக, மீதி இரண்டு இடங்களை வெற்றிகளின் எண்ணிக்கை தீர்மானித்தது. கைல் புஷ்ஷுக்கும் ஜெஃப் கார்டனுக்கும் ஆளுக்கொரு வெற்றி. எனவே புள்ளிகளைப் பார்த்தார்கள்: மூன்றே மூன்று புள்ளிகளில் புஷ் வெளியேறினார். அக்கால விதிப்படி வெற்றிக்கு 46 புள்ளிகள், ஏழாம் இடத்துக்கு 37. கிளென்னில் வென்றிருந்தால் வெற்றிக் கணக்கிலேயே முந்தியிருப்பார். ஆனால் அதே எண்ணெய் கார்டனையும் விடவில்லை. முன்னணிக் கூட்டத்தில் ஓடிய அவர் கடைசித் திருப்பத்தில் சுழன்று 21ஆம் இடத்துக்குச் சரிந்தார். ‘எண்ணெய் மட்டும் இல்லாதிருந்தால்’ என்று புஷ்ஷின் ரசிகர்கள் தொடங்கும் கணக்கில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

கெசெலோவ்ஸ்கி அவ்வாண்டின் சாம்பியன் ஆனார். அவர் ஓட்டியது டாட்ஜ் கார். ஆண்டு முடிவில் நாஸ்காரை விட்டு விலகுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது, கிளென் பந்தயத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன்புதான். அம்ப்ரோஸ் மேலும் இரண்டு ஆண்டுகள் முயன்றார். இந்தப் பிரிவில் மறுபடி வெல்லவில்லை. 2014ஆம் ஆண்டின் இறுதியில் குடும்பத்துடன் ஆஸ்திரேலியா திரும்பினார்.