காவல் அறையில் திறந்த மனம்

துப்பறியும் நாவல் என்றதும் பெற்றோர் பலர் முகம் சுளிப்பர். கொலைக் கதை பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சம் முற்றிலும் தவறன்று. ஆயினும் பெற்றோரே படித்துச் சிந்திக்கத்தக்க கதையும் அவற்றுள் உண்டு.

கனடா நாட்டு எழுத்தாளர் ஆலன் பிராட்லி, தமது 70ஆம் வயதில், 2009இல் வெளியிட்ட முதல் நாவல் 'தி ஸ்வீட்னஸ் அட் தி பாட்டம் ஆஃப் தி பை'. கதை நிகழும் ஆண்டு 1950. இடம் இங்கிலாந்தில் பிஷப்ஸ் லேசி என்னும் கற்பனைச் சிற்றூர். தாயை இழந்த 11 வயதுச் சிறுமி ஃபிளேவியாவுக்கு வேதியியல் கூடமே உலகம். ஒருநாள் வீட்டு வாயிற்படியில் உள்ளான் பறவையொன்று செத்துக் கிடக்கிறது. அதன் அலகில் ஓர் அஞ்சல் தலை! பின்னர் வெள்ளரித் தோட்டத்தில் அயலான் ஒருவன் அவள் கண்ணெதிரே உயிர்விடுகிறான். காவலர் அவள் தந்தையைக் கைது செய்கின்றனர். சிறுமியோ மிதிவண்டியேறி உண்மையைத் தேடிப் புறப்படுகிறாள்.

கொலையாளி யார் என்பதை இங்கே கூறிச் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை. என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. அத்தந்தை அஞ்சல் தலைகளோடு வாழ்ந்தவர்; மகளிரோடு மனம்விட்டுப் பேசாதவர். பள்ளிப் பருவத்தில் நேர்ந்த ஆசிரியர் ஒருவரின் மரணத்தைத் தம் பழியாகவே எண்ணி ஆண்டாண்டாய்ச் சுமந்தவர். அதனை அவர் தம் மகளிடம் சொல்லியது காவல் அறையில்தான்!

பெற்றோரே, நம் இல்லங்களிலும் ஒரே கூரையின்கீழ் எத்தனை மௌனங்கள்! பிள்ளைகளோடு மனம் திறந்து பேசக் காவல் அறை வரை காத்திருக்க வேண்டுமா? இன்றிரவு உணவு வேளையிலேயே தொடங்கலாமே.