வீட்டில் அமைக்கும் எண்ணிம இசைப்பான்

எண்ணிம இசைப்பான் என்பது நினைவக அட்டையில் கோப்பாக உள்ள பாடலைப் படித்து, அதை ஒலியாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்பும் சிறு கருவி. தென்கொரியாவின் எம்பிமேன் 1998இல் விற்பனைக்கு வந்தபோது இது ஆலையில் மட்டுமே செய்யக்கூடிய பொருள். இன்று மைக்ரோ எஸ்டி அட்டை, நுண்கட்டுப்படுத்தி, எம்பி3 குறிவிலக்கிச் சில்லு, லித்தியம் மின்கலம், சில பொத்தான்கள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே அமைக்கலாம்.

குறுந்தட்டில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 16 பிட் அளவில், இரு தடங்களில் பதிவாகிறது. 128 கிலோபிட் எம்பி3 கோப்பு ஏறத்தாழ அதில் பதினொன்றில் ஒரு பங்கு. சுருக்கியதை விரிக்கும் கணக்கு ஆர்டுயினோ ஊனோ போன்ற 8 பிட் பலகைக்கு மிகுதி. ஆகவே அவ்வேலையைப் பின்லாந்தில் உருவான விஎஸ்1053 போன்ற தனிச் சில்லிடம் விடுவது வழக்கம்.

இச்சில்லின் இடைநினைவகம் 2,048 பைட். பாடலோ நொடிக்கு 16,000 பைட் கேட்கிறது. அதாவது நிரம்பிய இடைநினைவகம் நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரமே தாங்கும். அதற்குள் அடுத்த தரவு வராவிட்டால் பாட்டு திக்கும். திரையில் பாடலின் பெயரை எழுதும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. குறைந்தது 32 பைட்டுக்கு இடம் இருக்கும்போது சில்லு ஒரு முனையில் குறிப்புக் காட்டும். நிரல் அதற்கே முதலிடம் தர வேண்டும். ஹெட்போனின் பொதுக் கம்பியைத் தரைமுனையுடன் இணைக்கக் கூடாது. அதற்கெனச் சில்லில் தனி முனை உண்டு.

மின்சாரப் பகுதியில்தான் ஆபத்து இருக்கிறது. பெட்டியின் அழகில் காட்டும் அக்கறையைப் பலர் இதில் காட்டுவதில்லை. முழுதாக மின்னேற்றிய கலம் 4.2 வோல்ட் தரும். அட்டை 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எனவே 3.3 வோல்ட் சீராக்கி தேவை. எளிதில் கிடைக்கும் ஏஎம்எஸ்1117 தன் வெளியீட்டைவிட ஏறத்தாழ 1 வோல்ட் கூடுதலாக எதிர்பார்ப்பது. கலம் 3.7 வோல்ட்டுக்கு இறங்கியதும் பாடலின் நடுவே அட்டை நின்றுவிடலாம். குறைந்த வேறுபாட்டில் இயங்கும் சீராக்கியே இதற்கு ஏற்றது.

டிபி4056 மின்னேற்றிப் பலகைகள் பொதுவாக 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டே வருகின்றன. 500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட சிறு கலத்துக்கு அது மிக அதிகம். கலம் சூடாகி உப்பும், தீப்பற்றவும் கூடும். பலகையிலுள்ள 1.2 கிலோஓம் மின்தடையை எடுத்துவிட்டு 5 கிலோஓம் அளவில் ஒன்றைப் பொருத்தினால் மின்னோட்டம் 250 மில்லிஆம்பியராகக் குறையும். கருவி மொத்தமாக 50 மில்லிஆம்பியர் எடுத்தால் அதே கலம் சுமார் 10 மணி நேரம் பாடும். திரை விளக்கை எப்போதும் எரியவிட்டால் அந்நேரம் குறையும்.