ஆடம்பரம் என்று நினைத்தேன்!

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் இல்லத்தரசி நான். பத்தாவது வரை படித்தவள். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் நாலு சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் இந்தக் கடிதம்.

என் மாமியாருக்கு வயது 66. முடக்குவாதம் வந்து இரண்டு கை விரல்களும் கோணிவிட்டன. ஆனாலும் தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்ற வைராக்கியம் உள்ளவர். போன வருஷம் அவரிடம் ஒரு மாற்றம். பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். சொந்தத் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட, "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் போனால் வாய் நாற்றம். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பல்லை ஒழுங்கா விளக்கக் கூடாதா அத்தை? பிள்ளைங்க மூஞ்சியைச் சுளிக்குதுங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் பதிலே பேசவில்லை.

மறுநாள் விடிகாலையில் எழுந்தபோது, பின்கட்டுக் குழாயடியில் அத்தையைப் பார்த்தேன். பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் பிரஷ் கீழே விழுந்தது. கடைசியில் பேஸ்ட்டை விரலால் தடவிக் கொப்பளித்துவிட்டு வந்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. இது தெரியாமல் சோம்பல் என்று நினைத்துப் பேசிவிட்டேனே!

இத்தனைக்கும் எங்கள் பீரோவில் ஒரு எலக்ட்ரிக் பிரஷ் தூங்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த நாத்தனார் கொடுத்தது. "பல் விளக்கக்கூட மெஷினா? ஆடம்பரம்!" என்று நான்தான் உள்ளே வைத்துப் பூட்டினேன். அத்தையும், "2011ல தானே புயல் அடிச்சப்போ எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்தோம்? அந்த மாதிரி வந்தா பல்லே விளக்காம இருப்பியா?" என்று கேலி செய்வார்.

சிதம்பரத்தில் இருக்கும் என் ஓரகத்தியிடம் போனில் சொல்லி அழுதேன். "இங்க அண்ணாமலை நகர்லயே பல் ஆஸ்பத்திரி இருக்கே, அத்தையை அழைச்சிட்டு வாங்கக்கா" என்றாள். 1980ல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது அது. இப்போது அரசுக் கல்லூரி. பஸ் பிடித்துப் போனோம்.

அங்கே அத்தைக்குப் பல்லில் படிந்திருந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். "எந்த பிரஷ் நல்லது டாக்டர்?" என்று கேட்டேன். கை நன்றாக இருப்பவர்களுக்குச் சாதாரண பிரஷ்ஷே போதும், ஆனால் நார் மென்மையாக இருக்க வேண்டும், காலையும் இரவும் இரண்டு நிமிஷம் விளக்க வேண்டும் என்றார் அந்த டாக்டர் அம்மா. என் வாயையும் பார்த்துவிட்டு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்ப்பதால் எனக்கு ஈறு இறங்கியிருக்கிறது என்றார்!

அத்தைக்கு முதலில் சாதாரண பிரஷ்ஷின் காம்பிலேயே சைக்கிள் ஹேண்டில் ரப்பரை மாட்டிக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சிலருக்கு அதுவே போதுமாம். அத்தைக்குப் பிடிக்க வந்தது, மணிக்கட்டுதான் திரும்பவில்லை. பிறகுதான் பீரோவைத் திறந்தேன்.

எலக்ட்ரிக் பிரஷ்ஷின் காம்பு பருமன் என்பதால் கோணிய விரலுக்கும் அடங்குகிறது. பல்லின் மேல் வைத்தால் போதும், தேய்க்கிற வேலையை அதுவே செய்துகொள்ளும். முதல் நாள் வாய்க்கு வெளியிலேயே சுவிட்சைப் போட்டு என் புடவையெல்லாம் பேஸ்ட்! வாய்க்குள் வைத்த பிறகுதான் போட வேண்டும். அழுத்தாமல், ஒவ்வொரு பல்லாக நகர்த்த வேண்டும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எங்களுக்குப் பத்து நாள் வருகிறது. கரண்ட் போனாலும் கவலையில்லை.

என் மகள் செல்போனில் தேடிப் படித்துச் சொன்னாள். 56 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2014ல் காக்ரேன் என்ற அமைப்பு வெளியிட்ட முடிவாம். மூன்று மாதத்துக்கு மேல் எலக்ட்ரிக் பிரஷ் உபயோகித்தவர்களுக்கு, சாதாரண பிரஷ்ஷை விட, பல்லில் படியும் அழுக்கு 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைவாக இருந்ததாம். "அப்ப எனக்கும் வாங்கிக் குடும்மா" என்றான் பையன். "உனக்குக் கை நல்லாத்தானே இருக்கு? இரண்டு நிமிஷம் ஒழுங்கா விளக்கு" என்று சாதாரண பிரஷ்ஷையே கொடுத்தேன். எலக்ட்ரிக் பிரஷ்ஷிலும் மேல் தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாங்குவதற்கு முன், அந்தத் தலை நம் ஊரில் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு மாதம் ஆகிறது. அத்தைக்கு ஈறில் ரத்தம் வருவது நின்றுவிட்டது. போன மாதம் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு அவரே முதல் ஆளாகக் கிளம்பினார். போட்டோவில் முந்தானை தோளில் இருக்கிறது, வாயில் சிரிப்பு இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயைக் குறை சொல்வதற்கு முன், ஒரு தரம் அவர்கள் கையைப் பாருங்கள். நான் பார்க்கத் தவறியது அதைத்தான்.

- ஒரு வாசகி, கடலூர்.