நெய்தவரே சொந்தக்காரர்

உங்க வீட்டுல சென்னிமலைப் போர்வை இருக்குங்களா? அதை நெய்தவரே, அதை வித்த சங்கத்துக்கும் சொந்தக்காரரா இருக்கலாம், தெரியுமா?

சென்னிமலை ஈரோட்டுக்குப் பக்கத்துல இருக்கு. அங்கே கைத்தறி நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கத்துல பங்கு வாங்கி உறுப்பினரா சேர்ந்திருக்காங்க. சங்கம் நூல் கொடுக்கும். தறியில நெய்து கொண்டுவந்து கொடுத்தா கூலி கிடைக்கும். இதுவரைக்கும் மத்த இடம் மாதிரிதான். ஆனா, சங்கத்துக்கு லாபம் வந்தா அதுலயும் நெசவாளருக்குப் பங்கு உண்டுங்க! பங்குத்தொகை கூடக்குறைய இருந்தாலும், சங்க முடிவுகள்ல ஆளுக்கு ஒரே ஓட்டுதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி இது. லாபம் எங்கேயோ இருக்கிற முதலாளி கைக்குப் போகாம, அந்த ஊர் மளிகைக் கடையிலயும் சந்தையிலயும் சுத்தி வருது.

இப்படிப்பட்ட நெசவாளர் சங்கங்களோட துணியை விக்கத்தான் 1935-ல கோ-ஆப்டெக்ஸ்ங்கிற கூட்டுறவு அமைப்பு பிறந்தது. அடுத்த தடவை போர்வை எடுக்கப் போறப்ப, "கூட்டுறவுச் சங்கத்துல நெய்தது இருக்குங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.